கடை முகப்பில் எழுத்துகளை விழாமல் பதிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒருவர் புதுக் கடை திறக்கப் போகிறார். எலிவேஷனில், அதாவது கடை முகப்பில், இடது பாதி சாதாரண சிமென்ட் பூச்சுச் சுவர், வலது பாதி ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை). தரையிலிருந்து 14 அடி உயரத்தில் ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று இரண்டடி உயர எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எழுத்துகள் வர வேண்டும். வேலைக்கு வந்தவர், “சிலிக்கானும் டபுள் டேப்பும் போதும் சார், சுவரில் ஓட்டையே வேண்டாம்” என்கிறார். பழைய கடையில் அப்படி ஒட்டிய இரண்டு எழுத்துகள் போன ஆனி மாதக் காற்றில் விழுந்துவிட்டன. அதனால் இவருக்குப் பயம். ஒட்டினால் போதுமா, போதாதென்றால் எப்படிப் பதிப்பது என்று கேட்கிறார்.

போதாது. 14 அடி உயரத்தில், ஆள் நடக்கும் இடத்துக்கு மேலே, வெறும் ஒட்டை நம்பி எந்த உலோக எழுத்தையும் வைக்கக் கூடாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் போர்டு வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று செய்யுங்கள். விழுந்த அந்தப் பழைய எழுத்து வீட்டில் கிடந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சிலிக்கான் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பெயிண்ட் தோல்போல ஒட்டியிருக்கும், பெயிண்டுக்குப் பின்னால் வெள்ளையாகப் பட்டி மாவு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருந்துக் கடைக்கு அக்ரிலிக் எழுத்துகளை இப்படித்தான் ஒட்டிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் மழையில் இரண்டு எழுத்துகள் இறங்கிவிட்டன. விடியற்காலம் என்பதால் கீழே யாரும் இல்லை. போய் எடுத்துப் பார்த்தபோது இதைத்தான் கண்டேன். சிலிக்கான் எழுத்தை விடவில்லை, பெயிண்டையும் விடவில்லை. பெயிண்ட்தான் சுவரை விட்டுவிட்டது. ஒட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடித்திருப்பது பெயிண்டை. பெயிண்ட் பிடித்திருப்பது பட்டியை. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் பட்டி மாவாகிவிடும். அந்த இரண்டு எழுத்துகளில் ஒன்றை இன்னும் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

ஆகவே, எழுத்தைத் தாங்க வேண்டியது சுவருக்குள்ளே இருக்கும் செங்கல், கான்கிரீட், இரும்புச் சட்டம் இவைதான். பெயிண்ட், பட்டி, பூச்சு, ஏசிபி ஷீட் எல்லாம் சுவரின் தோல். தோலில் எதையும் தொங்கவிடக் கூடாது.

அடுத்து எடை. “மூணு கிலோ எழுத்து சார், இதுக்கு எதுக்கு போல்ட்டு” என்பார்கள். ஒரு மி.மீ. தகட்டில் இரண்டங்குலப் பக்கவாட்டோடு செய்த இரண்டடி எழுத்து மூன்று கிலோதான் வரும், அது சரி. ஆனால் எழுத்தைப் பிடுங்குவது அதன் எடை அல்ல, காற்று. கட்டடங்களுக்குக் காற்றுச்சுமை சொல்லும் இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் ஊருக்கு ஊர் அடிப்படை வேகம் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர். மதுரை, கோவைக்கு 39. உங்கள் குமரிப் பக்கமும் 39 மண்டலம்தான். வேகத்தை வர்க்கமாக்கி 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். 39க்குப் போட்டால் சுமார் 912. நம் கணக்கில் சதுர அடிக்கு எட்டரை கிலோ. சென்னைக்கு அதுவே 14 கிலோ. உயரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஏற்பப் பொறியாளர்கள் இதைக் கூட்டிக் குறைப்பார்கள், நமக்கு இந்தத் தோராயம் போதும். இரண்டடிக்கு இரண்டடி எழுத்தில் பாதி இடம் வெட்டுப்பட்டுப் போனாலும் இரண்டு சதுர அடித் தகடு காற்றை வாங்கும். அதாவது மூன்று கிலோ எழுத்தை 17 கிலோ இழுக்கிறது. அதுவும் ஒரே சீராக இழுக்காது. விட்டு விட்டு, ஆட்டி ஆட்டி இழுக்கும். கட்டடத்தின் மூலையிலும் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் விளிம்பிலும் உறிஞ்சல் இன்னும் கூடும். நான் இதை நாலு மடங்காக எடுத்துக்கொண்டு, ஓர் எழுத்து 70 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும் என்று வைத்துத்தான் வேலை செய்கிறேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் ஊர் இருப்பது அதற்குப் பக்கத்தில். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் உங்கள் மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அங்கே ரிப்பேர் வேலைக்கு வந்தபோது பார்த்தேன். ஒட்டியிருந்த எழுத்துகளில் பாதி இல்லை. கம்பி வைத்துப் பதித்தவை வளைந்திருந்தன, ஆனால் சுவரிலேயே இருந்தன.

இப்போது இடது பாதி, பூச்சுச் சுவர். இதற்கு ஸ்டட் வைத்துப் பதிப்பதுதான் முறை. எழுத்தின் பின்பக்கம் த்ரெட்டட் ராடு (மரை போட்ட கம்பி) துண்டுகளை ஸ்டட்டாக நிறுத்தி, சுவரில் துளை போட்டு, கெமிக்கல் (துளைக்குள் இறுகி ராடைப் பிடிக்கும் பசை) ஊற்றிச் செருகுவது. கேட்க எளிதுதான். தப்பு நடப்பதெல்லாம் இடையிலே வரும் சின்னச் சின்ன வேலைகளில்.

ஸ்டட் எழுத்தோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். எழுத்தைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு ராடையும் கையால் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். வெல்டிங் அடித்ததோ, பின்னால் குறுக்குப் பட்டை வைத்து நட் போட்டு முறுக்கியதோ என்றால் அசையாது. ஹாட் குளூவில் நட்டையும் ராடையும் நிறுத்திக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். மே மாத வெயிலில் அந்தக் குளூ இளகிவிடும். அப்படி வந்தால் திருப்பி அனுப்புங்கள். இரண்டடி எழுத்துக்குக் குறைந்தது நாலு ஸ்டட், அகலமான எழுத்துக்கு ஐந்து அல்லது ஆறு. 6 மி.மீ. ராடு, எஸ்எஸ்ஸில் 304 தரம். ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்ததற்கும் ஓர் அடிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். நீளம் எவ்வளவு என்றால், வெளிப்பூச்சு 15லிருந்து 20 மி.மீ. போய்விடும், அது கணக்கில் சேராது. அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 50 மி.மீ. போக வேண்டும். எழுத்து சுவரிலிருந்து ஓர் அங்குலம் எட்டி நிற்க வேண்டுமென்றால் அதையும் கூட்டுங்கள். ஆக நாலங்குலம். ஒன்றரை அங்குல ராடோடு வரும் எழுத்துகள் பூச்சிலேயே நின்றுவிடும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வித்தியாசம் காற்றடிக்கும்போது தெரியும்.

துளை எங்கே போடுவது? இதற்குத்தான் பேட்டர்ன். எழுத்து வெட்டிய அதே ஃபைலை நிஜ அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக்கொள்வது. ஆனால் ஸ்டட்டுகள் கையால் வைத்து வெல்டிங் அடித்தவை, பிரிண்டில் குறித்த புள்ளியிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. நகர்ந்திருக்கும். நான் செய்வது இது: தரையில் தெர்மோகோல் ஷீட்டை விரித்து, அதன் மேல் பேட்டர்ன் பேப்பரை முகம் மேலாக விரித்து, ஒவ்வொரு எழுத்தையும் அதன் உருவத்தின் மேல் சரியாக உட்காரவைத்து அழுத்துவேன். ஸ்டட் பேப்பரைக் குத்திக்கொண்டு இறங்கும். இப்போது பேப்பரில் இருப்பது அந்த எழுத்தின் உண்மையான துளைகள். இந்தப் பேப்பரைச் சுவரில் ஒட்டித் துளை போட்டால் ஒன்றும் இடிக்காது. துளை சேராமல் ராடை வளைத்துச் செருகுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வளைத்த ராடு வெல்டிங்கில் விரிசல் விட்டுத்தான் உள்ளே போகும்.

பேப்பரை மட்டம் பார்த்து ஒட்டுங்கள். டியூப் லெவல் வைத்தே பார்க்கலாம். ஆனால் கீழே இருக்கும் சன்ஷேடோ ஏசிபி கோடோ மட்டத்தில் இல்லையென்றால், மட்டத்தில் வைத்த எழுத்துதான் கோணலாகத் தெரியும். அந்த மாதிரி இடத்தில் நான் கட்டடத்தின் கோட்டோடு போய்விடுவேன். தெருவில் நின்று பார்ப்பவர் கையில் ரசமட்டம் இல்லை.

துளை போடும்போது கீழே கொட்டும் தூளைக் கவனியுங்கள். இந்த ஒரு விஷயத்தைப் பழகிக்கொண்டால் சுவருக்குள் இருப்பது தெரிந்துவிடும். முதலில் சாம்பல் தூள் வரும், அது பூச்சு. அப்புறம் சிவப்பாக மாறினால் செங்கல், நல்லது, 50 மி.மீ. போகும் வரை தொடரலாம். சாம்பல் தூளே வந்துகொண்டிருந்து, பிட்டும் சிரமமில்லாமல் இறங்கினால் இரண்டு செங்கலுக்கு இடையிலுள்ள கலவையில் நிற்கிறீர்கள், அந்தத் துளை அரைப் பலம்தான். பிட் மிக மெதுவாக இறங்கி, நைசான சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட் பீம் அல்லது லிண்டல். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதில் கம்பி தட்டினால் அறுத்துக்கொண்டு போகாதீர்கள், நகர்ந்து இன்னொரு துளை போடுங்கள். பிட் திடீரென்று வெறுமையில் விழுந்தால் ஹாலோ பிளாக். வெள்ளையாக மாவுபோல வந்தால் ஏஏசி பிளாக், அதாவது நுரைபோல லேசான கான்கிரீட் கல். கடைசி இரண்டிலும் ஹேமரை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் மட்டும் துளை போட வேண்டும். ஹேமர் அடித்தால் உள்சுவர் உடைந்து துளை குகையாகிவிடும். ஹாலோ பிளாக்கில் கெமிக்கலை வலைக் குழாய் போட்டுத்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் உள்ளே கொட்டிப் போய்விடும். ஏஏசி சுவரில் கனமான எழுத்து என்றால் நான் ஸ்டட்டையே நம்புவதில்லை. சுவரை முழுக்கத் துளைத்து, உள்பக்கம் தகடு வைத்து நட் முறுக்குவேன். அல்லது இரும்புச் சட்டம் ஒன்றைப் பீமிலிருந்து பீமுக்குக் கொண்டுபோய் அதில் மாட்டுவேன்.

துளையை ஊதிச் சுத்தம் செய்யாமல் கெமிக்கல் ஊற்றினால் கெமிக்கல் பிடிப்பது தூளைத்தான். பட்டிக்கும் பெயிண்டுக்கும் சொன்ன அதே கதை இங்கேயும். காற்றுப் பம்ப்பால் ஊது, கம்பி பிரஷ் விட்டுத் தேய், மறுபடி ஊது. 6 மி.மீ. ராடுக்கு 8 மி.மீ. துளை. உள்ளே போகப் போகத் துளை சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்காமல் வெளியே வடியும். கெமிக்கல் டியூபில் முதலில் வரும் கொஞ்சத்தைக் கழித்துவிடுங்கள், இரண்டு நிறமும் கலந்து ஒரே நிறமாக வந்த பிறகுதான் அது பிடிக்கும். நுனியைத் துளையின் அடிவரை விட்டு, பின்னுக்கு இழுத்துக்கொண்டே முக்கால் பங்கு நிரப்பி, எழுத்தைத் தள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டட்டின் ஓரத்திலும் கொஞ்சம் பிதுங்கி வர வேண்டும். வராத துளை நிரம்பவில்லை என்று அர்த்தம். பிறகு டேப் போட்டு எழுத்தை அசையாமல் பிடித்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டியூபில் எழுதியிருக்கும் நேரம் அதைவிடக் குறைவாக இருக்கும், இருந்தாலும் அவசரம் வேண்டாம்.

இந்தச் சுவர் தாங்குமா என்று சந்தேகம் இருந்தால், எழுத்து மறைக்கப்போகும் ஓர் இடத்தில் ஒரே ஒரு சோதனை ஸ்டட் பதித்து, மறுநாள் அதில் கொக்கி மாட்டி, விமான நிலையத்துக்குப் பெட்டி எடை பார்க்க வைத்திருப்பார்களே, அந்தக் கைத் தராசைக் கோத்துச் சுவரை விட்டு நேராக இழுத்துப் பாருங்கள். 25 கிலோ காட்டும் வரை அசையவில்லையென்றால், நாலு ஸ்டட் எழுத்துக்குப் போதும். ஐந்தே நிமிஷ வேலை. இதைச் செய்ய மறுக்கும் வேலைக்காரரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன்.

வலது பாதி ஏசிபி. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பார்க்க உலோகச் சுவர் மாதிரி இருக்கிறது. கடை முகப்புகளுக்குப் போடுவது பெரும்பாலும் 3 மி.மீ. ஷீட். அதில் அலுமினியம் முன்னும் பின்னும் கால் மி.மீ. மட்டும். நடுவில் இருப்பது பிளாஸ்டிக். அதில் ஸ்க்ரூ போட்டால் கால் மி.மீ. தகட்டில்தான் நிற்கிறது. ரிவிட் அடித்தாலும் காற்று ஆட்ட ஆட்ட ஓட்டை பெரிதாகி ரிவிட் தலையோடு உருவி வந்துவிடும். ஷீட்டுக்குப் பின்னால் அலுமினியம் அல்லது இரும்பு டியூபில் சட்டம் கட்டியிருப்பார்கள், பெரும்பாலும் இரண்டடிக்கு ஒன்று. எழுத்து அந்தச் சட்டத்தில் நிற்க வேண்டும், அல்லது அதையும் தாண்டிச் சுவருக்குப் போக வேண்டும்.

உங்களுக்கு ஏசிபி வேலை இன்னும் முடியவில்லையென்றால் பெரிய அதிர்ஷ்டம். இன்றைக்கே ஏசிபிக்காரரைக் கூப்பிட்டு, எழுத்து வரப்போகும் உயரத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு குறுக்கு டியூப் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். எழுத்தின் பேட்டர்னை அவர் கையில் கொடுத்தே சொல்லுங்கள். ஷீட் மூடிவிட்டதென்றால், இரும்புச் சட்டத்தைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்கலாம். அலுமினியமாக இருந்தால் தட்டிப் பார்த்து, எழுத்து மறைக்கும் இடத்தில் சின்னத் துளை போட்டு உறுதி செய்யலாம். சட்டம் வேண்டிய இடத்தில் இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, இரண்டு ஷீட்டுக்கு நடுவேயுள்ள பள்ளத்துச் சிலிக்கானை அறுத்து அந்த ஷீட்டைக் கழற்றி, டியூப் சேர்த்து, திரும்ப மாட்டுவது. இதுதான் சரியான வழி. இன்னொன்று, எழுத்து வரிசை முழுக்க ஒரு பாக்ஸ் ரயில் (நீளமான சதுரக் குழாய்) ஓடவிட்டு, அந்த ரயிலை நீண்ட ஆங்கர் போல்ட்டால் சுவரோடு பிடித்து, எழுத்துகளை ரயிலில் மாட்டுவது. இதில் போல்ட் ஷீட்டைக் கடக்கும் இடத்தில், ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே பைப் துண்டு ஒன்றைக் கோக்க வேண்டும். கோக்காமல் முறுக்கினால் ஷீட் உள்ளே குழிந்துவிடும். ரயிலுக்குச் சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. எட்டு எழுத்துக்கு முப்பது நாற்பது துளை போடுவதற்குப் பதில் ஆறெட்டு துளையோடு முடிவதும் இதில் ஒரு நன்மை.

எட்டு எழுத்து என்றேன், உண்மையில் எட்டு இல்லை. ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்பதை எண்ணிப் பாருங்கள். மு, ரு, க, ன, ஸ. அப்புறம் கொம்பு தனி, ட தனி, கால் தனி. பிறகு ர, ஸ. பத்தாயிற்று. மேலே நாலு புள்ளி. மொத்தம் 14 துண்டுகள். ஆங்கில எழுத்துக்குப் பழகியவர்கள் வேலைக்கு வரும்போது இதை எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். பெரிய எழுத்துக்கு நாலு ஸ்டட் வைப்பவர் புள்ளிக்கு ஒரு சொட்டு சிலிக்கான் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். எந்த ஊருக்குப் போனாலும் பழைய போர்டுகளைப் பாருங்கள், முதலில் காணாமல் போயிருப்பது புள்ளிதான். ‘ஸ்டோர்ஸ்’ ‘ஸடோரஸ’ ஆகி நிற்கும். தமிழை அப்படித் தெருவில் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. நாலங்குல உலோகப் புள்ளி 14 அடியிலிருந்து விழுந்தால் தலையில் காயம்தான், அது இன்னும் முக்கியம்.

புள்ளிக்கு ஒரு ஸ்டட் வைத்தால் காற்றில் சுழன்று சுழன்று இளகும். இரண்டு வையுங்கள். இடம் இல்லையென்றால் எழுத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு எஸ்எஸ் பட்டையை மேலே நீட்டி, அதில் புள்ளியை வெல்டிங் அடித்துவிடுங்கள். பட்டையைச் சுவர் நிறத்தில் பூசினால் கீழிருந்து தெரியாது, புள்ளியும் எழுத்தும் ஒரே துண்டாகிவிடும். வெட்டும்போதே வடிவமைப்பவரிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. அதேபோல கால், கொம்பு இரண்டும் ஒல்லியான துண்டுகள், மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டே ஸ்டட் வைத்தால் நடுவில் அதிரும், மூன்று வேண்டும். ‘கி’, ‘டி’ போன்றவற்றில் மேலே வளைந்து இறங்கும் விசிறியின் நுனியிலும் ஒன்று வேண்டும். ‘ழ’வின் வாலுக்கும் அப்படியே. கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது நம் அரசு விதி. ஆகவே பெரிய, கனமான வரிசை எப்போதும் தமிழ் வரிசையாகத்தான் இருக்கும். ஸ்டட் கணக்கை அதை வைத்தே போடுங்கள்.

உலோகம் பற்றிக் கொஞ்சம். உங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. கடையில் “எஸ்எஸ்” என்று மட்டும் சொல்லி 202ஐக் கொடுத்துவிடுவார்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பாதீர்கள், 202லும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். குளச்சல், கன்னியாகுமரி மாதிரி அலைக்கு எதிரே கடை என்றால் 316 கேளுங்கள். எழுத்தை 304ல் செய்துவிட்டு, மாட்டுவதற்குச் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பழுப்புக் கோடு இறங்கும். கோடு அசிங்கம் மட்டுமல்ல, உள்ளே ஸ்க்ரூ கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். நட், வாஷர், ராடு எல்லாம் எழுத்தின் அதே தரத்தில் இருக்கட்டும். அலுமினியச் சட்டத்தில் எஸ்எஸ் போல்ட் போடும்போது நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் அலுமினியம் அந்த இடத்தில் அரிக்கும். நட் இளகாமலிருக்க நைலாக் நட்.

சிலிக்கானை அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. துளை வாயை அடைக்கவும், எழுத்து அதிராமல் மெத்தைபோல இருக்கவும் அது வேண்டும். ஆனால் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அமிலம் கக்கிக் காயும் ரகம். உலோகத்தை அரிக்கும், சிமென்டில் சரியாகப் பிடிக்காது. கண்ணாடி வேலைக்குத்தான் அது. நமக்கு நியூட்ரல் ரகம் வேண்டும். டபுள் டேப்பும் அப்படித்தான், 3எம் விஎச்பி மாதிரி நல்ல டேப் கடைக்குள்ளே கண்ணாடியில் ஆறங்குல எழுத்து ஒட்டுவதற்கு அருமையானது. வெளியே பூச்சுச் சுவரில் அதற்கு வேலை இல்லை.

எஸ்எஸ் வேண்டாம், அக்ரிலிக் போடலாம் என்று நினைத்தால் ஒரு விஷயம். அக்ரிலிக் வெயிலில் நன்றாக விரியும். ஒரு மீட்டர் நீள எழுத்து, காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே 30 டிகிரி மாறினால் இரண்டு மி.மீ. நீளும். பின்னாலுள்ள கான்கிரீட் அந்த அளவு மாற்றத்தில் மூன்றில் ஒரு மி.மீ.தான் நீளும். துளையை இறுக்கமாகப் போட்டால் எழுத்து ஸ்க்ரூவைச் சுற்றி வெடிக்கும். ஸ்க்ரூவைவிட இரண்டு மி.மீ. பெரிய துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, கையால் முறுக்கி நிறுத்திவிட வேண்டும். நட் இளகாமலிருக்க ஊற்றும் திரவப் பசையை அக்ரிலிக் பக்கமே கொண்டுபோகக் கூடாது, பட்ட இடமெல்லாம் மயிரிழை விரிசல் விடும்.

விளக்கு எழுத்தாக இருந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் 5 மி.மீ. வடிதுளை இரண்டு போடச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே எப்படியும் போகும், வெளியே வர வழி வேண்டும். தேங்கினால் எடையும் கூடும், ஷார்ட்டும் ஆகும். உலோக எழுத்து என்பதால் எர்த் கட்டாயம். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை ஏசிபிக்குப் பின்னால் செருகி மூடிவிடாதீர்கள். ஏசிபியின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் தீப்பிடிக்கக்கூடியது. அந்தப் பெட்டியைக் கடைக்குள் கைக்கெட்டும் இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள்.

வேலை நாளில் சாரம் கட்டித்தான் செய்ய வேண்டும், ஏணியில் நின்றுகொண்டு ஹேமர் டிரில் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. 14 அடி என்றால் எதிரே மின்கம்பி போகும் உயரம் பக்கத்தில் வருகிறது. சாரத்துக்கு இரும்புப் பைப் ஏற்றும்போதும், நீண்ட ரயிலைத் தூக்கும்போதும் கம்பிக்குப் பக்கத்தில் வரும் என்றால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கீழே நடைபாதையைக் கயிறு கட்டி மறியுங்கள்.

முடிந்த பிறகு அந்தப் பேட்டர்ன் பேப்பரைக் கிழித்துப் போடாமல் சுருட்டிக் கடையில் வையுங்கள். எந்த ஸ்டட் எங்கே இருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிக் காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், ஓர் ஆளை ஏற்றி ஒவ்வொரு துண்டையும், முக்கியமாக நாலு புள்ளிகளையும், கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துக்குள் குளவிக்கூடு, குருவிக்கூடு இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம்.

கடைசியாக, பழைய கடையில் இன்னும் ஒட்டியபடியே நிற்கும் மிச்ச எழுத்துகள். அவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் புதுக் கடை வேலைக்கு முன்னால் அவற்றை இறக்குங்கள். இரண்டு விழுந்த சுவரில் மற்றவையும் அதே பட்டியின் மேல்தான் நிற்கின்றன. கீழே ஆளை நிறுத்தாமல், எழுத்தை முதலில் கயிறு போட்டுச் சாரத்தோடு கட்டிவிட்டு, மெல்லிய எஸ்எஸ் கம்பியை எழுத்துக்கும் சுவருக்கும் நடுவே விட்டு ரம்பம்போல இழுத்தால் சிலிக்கான் அறுந்துவிடும். டேப் போட்ட இடத்தில் ஹீட் கன் கொஞ்சம் காட்டினால் இளகும். இறக்கியவற்றின் பின்னால் ஸ்டட் வெல்டிங் அடித்து அதே சுவரில் முறையாகப் பதித்துக்கொள்ளலாம், எழுத்து வீணாகாது.